‘ஷல்’, ‘வில்’: ஒரு விதியின் வரலாறு

ஆங்கில வினைச்சொல்லுக்கு எதிர்காலம் காட்டும் விகுதி இல்லை. ‘ஷல்’, ‘வில்’ என்னும் துணைவினைகளே பெரும்பாலும் அப்பணியைச் செய்கின்றன. தன்மைக்கு ‘ஷல்’, முன்னிலைக்கும் படர்க்கைக்கும் ‘வில்’ என்று பள்ளி இலக்கணங்கள் நெடுங்காலம் கற்பித்து வந்தன. இவ்விதி எங்கிருந்து வந்தது என்பது ஆராயத்தக்கது.

பழைய ஆங்கிலத்தில் இவ்விரண்டும் தனிப்பொருள் உடையன. ‘ஷல்’ கடப்பாட்டையும், ‘வில்’ விருப்பத்தையும் உணர்த்தின. செய்யக் கடவதும் செய்ய விரும்புவதும் இனி நிகழ வேண்டியவை ஆதலின், நாளடைவில் இரண்டும் எதிர்காலக் குறிகளாயின.

1653ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டுக் கணிதப் பேராசிரியர் ஜான் வாலிஸ், அயல்நாட்டார் பொருட்டு ஆங்கில இலக்கணம் ஒன்றை இலத்தீனில் வெளியிட்டார். தன்மையில் ‘ஷல்’ வெறும் எதிர்காலத்தையும், ‘வில்’ உறுதிமொழியையோ அச்சுறுத்தலையோ காட்டும். ஏனை இரண்டு இடங்களிலும் இது தலைகீழாகும் என்று அவர் வகுத்தார். 18ஆம் நூற்றாண்டு இலக்கண நூலார் இதனை விரித்துரைத்தனர். அயலார்க்கெனக் கூறப்பட்ட குறிப்பு ஆங்கிலேயர்க்கே சட்டமாயிற்று.

ஸ்காட்லாந்தினரும் அயர்லாந்தினரும் தன்மையிலும் ‘வில்’ வழங்குபவர்கள். அதனால் அவர்கள் நகைப்புக்கு ஆளாயினர். நீரில் வீழ்ந்த ஒருவன், தான் மூழ்கப்போவதையும் காப்பார் இல்லாததையும் சொல்ல எண்ணி, துணைவினைகளை மாற்றிக் கூவினானாம். ‘மூழ்கியே தீருவேன், எவரும் என்னைக் காக்கலாகாது’ என்று பொருள்பட்டதால், கரையில் நின்றோர் வாளா இருந்துவிட்டனராம். இது 19ஆம் நூற்றாண்டில் பரவலாக வழங்கிய கதை. 1906இல் ஃபௌலர் சகோதரர்களும், இவ்வழக்கு தென் இங்கிலாந்தினருக்கு இயல்பாக வருவது, பிறர் கற்பது அரிது என்றே எழுதினர். பிறந்த மண்ணே இலக்கண அறிவாகக் கருதப்பட்டது.

1925இல் அமெரிக்க மொழியறிஞர் சார்லஸ் ஃப்ரீஸ் தம் ஆய்வை வெளியிட்டார். 16ஆம் நூற்றாண்டு முதல் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை எழுந்த ஆங்கில நாடகங்களில் இவ்வினைகள் பயின்ற இடங்களை அவர் எண்ணிக் கணக்கிட்டார். இங்கிலாந்து நாடகங்களிலும் தன்மையில் ‘வில்’லே மிகுதி எனக் கண்டார். விதி ஒருபுறமும் வழக்கு மறுபுறமுமாக இருந்தமை வெளிப்பட்டது.

இதனால் ‘ஷல்’ பயனற்றது ஆகாது. ஒருவரது விருப்பத்தைக் கேட்கும் தன்மை வினாக்களில் அது இன்றும் உயிருடன் உள்ளது. சட்ட வாசகங்களில் கட்டாயத்தைக் குறிக்கிறது. அங்கெல்லாம் அதன் பழைய பொருளின் சாயல் இருக்கிறது. ஆனால், ‘நான்’ என்பதன்பின் ‘வில்’ எழுதிய மாணவன் பிழை செய்தவன் அல்லன். இலக்கியம் கண்டே இலக்கணம் இயம்பல் வேண்டும் என்பது தமிழாசிரியர் அறிந்த நெறி. ஆங்கிலத்துக்கும் அந்நெறி பொருந்தும்.