மருந்துச்சாலை எல்லா அம்மையார்

நம் சங்கத்து அன்பர்களுக்கும் அவர்தம் இல்லத்தார்க்கும் இத்திங்கள் யாம் எடுத்துரைக்கப் புகுவது அமெரிக்க ஐக்கிய நாட்டில், ஒஹையோ மாகாணத்து டொலீடோ நகரில், மருந்துக்கடை நடாத்திய ஓரம்மையாரின் வரலாறாகும். அவர் பெயர் எல்லா ஸ்டூவர்ட். அவர் பெற்ற மகவு ஒன்றே. அதுவும் மழலை மாறுமுன் மாய்ந்தது. பேரப்பிள்ளை என்று மடியில் வைத்துக்கொள்ள அவர்க்கு ஒருவருமிலர். ஆயினும் தம் முதுமையில் அந்நகரத்துச் சிறார்க்கெல்லாம் பாட்டியார் என்னும் நிலையில் வாழ்ந்து மறைந்தார்.

'எல்லா' என்பது அவர் நாட்டில் பெண்பாற்கு இடப்படும் பெயர். பண்டைத் தமிழில் அச்சொல், உரிமையுடையார் ஆணையும் பெண்ணையும் ஒருசேர விளிக்கும் கெழுதகைச் சொல்லாக வழங்கியதென்பதைத் தமிழ் கற்றோர் அறிவர். இரண்டிற்கும் தொடர்பு யாதுமில்லை. எனினும், யாவர்க்கும் உரியராய் வாழ்ந்தவர்க்கு இப்பெயர் வாய்த்தமை கண்டு யாம் மகிழ்ந்தோம்.

அம்மையார் 1893-ஆம் ஆண்டு விர்ஜீனியா மாகாணத்தில் பெர்ரிவில் என்னும் ஊர்ப்புறத்தே கறுப்பினக் குடும்பமொன்றில் பிறந்தார். அடிமை முறை அந்நாட்டில் சட்டத்தால் ஒழிந்தது 1865-ஆம் ஆண்டில். சட்டம் ஒழித்ததேயன்றி நிலம் கொடுத்ததில்லை. ஆதலால் விடுதலை பெற்றோர் பலர் வெள்ளையர் நிலத்தையே வாரத்திற்கு உழுது, விதைக்கும் ஏருக்கும் முன்கடன் பட்டு, விளைவிற் பெரும்பங்கை நிலக்கிழார்க்கு அளந்து வாழலாயினர். அம்மையாரின் பெற்றோரும் அத்தகைய வாரக்குடிகளே. மூத்த மகளுக்கு ஆறாண்டு நிரம்பியதும், பள்ளிக்கூடம் செல்லும் வாய்ப்பிற்காகப் பாட்டன் பாட்டி இல்லத்திற்கு அனுப்பினர். வயலில் கைவேலைக்கு உதவும் பிள்ளையை எழுத்திற்காகப் பிரிந்திருக்கத் துணிந்த அப்பெற்றோரையும், அப்பேர்த்தியை ஏற்று வளர்த்த முதியோரையும் இவ்வரலாற்றில் முதற்கண் வைத்துப் போற்றுதல் தகும்.

தொடக்கப் பள்ளியில் சிறந்து விளங்கி உதவிச்சம்பளம் பெற்று, ஹார்ப்பர்ஸ் பெர்ரி என்னும் ஊரில் அந்நாளில் இருந்த ஸ்டோரர் கல்லூரியிற் சேர்ந்தார். ஜான் பிரௌன் என்பார் அடிமைகளை மீட்பான் வேண்டி 1859-இல் படைக்கலச் சாலையைத் தாக்கித் தூக்குத்தண்டனை ஏற்கக் காரணமாயது அவ்வூரே. 1867-இல் அங்கு நிறுவப்பட்ட அக்கல்லூரியிலே, 1906-இல் டூபாய்ஸ் முதலிய அறிஞர் கூடித் தம்மினத்தார்க்குச் சமவுரிமை வேண்டுமென்று முழங்கினர். அத்தகைய காற்று வீசிய இடத்திற் பயின்றார் நம் அம்மையார்.

உடன்பயின்றார் ஒருவரை மணந்து பிட்ஸ்பர்க் நகரிற் குடியேறினார். வர்ஜீனியா என்னும் பெண்மகவு பிறந்தது. அம்மகவைக் கக்குவான் இருமல் கொண்டுபோயிற்று.

கக்குவான் என்னும் சொற்கேட்ட அளவிலே நம் வீட்டு முதியோள்கள் முகம் வாடுவர். இருமி இருமி, மூச்சு உள்ளிழுக்கும்போது கூவும் ஓசை எழ, முகம் நீலம் பாரிக்க, உண்ட பாலெல்லாம் கக்கிக் குழந்தை துவளுதலை அருகிருந்து கண்டவர்க்கே அந்நோயின் கொடுமை விளங்கும். அதனை விளைக்கும் கிருமியை போர்டே, ஜெங்கூ என்னும் இருவர் 1906-இல் பிரித்துக் காட்டினர். கண்டறிந்தாரேயன்றித் தடுக்கும் வழி அன்று உறுதிப்படவில்லை. பின்னர் 1932-ஆம் ஆண்டு தொடங்கி, டொலீடோவிற்கு அண்டை மாகாணமாகிய மிச்சிகனில் பேர்ல் கெண்டிரிக், கிரேஸ் எல்டரிங் என்னும் பெண்மணிகள் இருவர், பகலெல்லாம் அலுவல் பார்த்து, மாலையில் ஏழையர் வீடுதோறும் சென்று, இருமும் குழந்தைகளின் வாய்முன் தட்டேந்திக் கிருமி திரட்டி, பயன்தரும் தடுப்பு மருந்தை ஆக்கினர். அவர்க்குத் துணைநின்று நல்ல கிருமி வகையைத் தேர்ந்தளித்தவருள் லோனி கார்டன் என்னும் கறுப்பினப் பெண்மணியும் ஒருவர். இன்று நம் குழந்தைகட்கு இடப்படும் முத்தடுப்பூசியில் அம்மருந்தும் அடங்கும். வர்ஜீனியாவிற்கோ அது காலங்கடந்த மருந்தாயிற்று.

மகவை இழந்தபின் அம்மையாரின் இல்லறமும் முறிந்தது. மருந்துக்கடை ஒன்றிற் கணக்கெழுதும் வேலையில் அமர்ந்தார். கணக்கேட்டினின்று அவர் கண் கண்ணாடிக் குப்பிகள்மேற் சென்றது. மகவின் இறப்பே அவரை மருந்துத் தொழிலில் உய்த்தது என்று யாம் துணிந்து கூறோம். பிறர் நெஞ்சத்தை அறிந்ததாக எழுதுதல் சரித்திரம் எழுதுவார்க்கு அழகன்று. நிகழ்ந்தவை அடுத்தடுத்து நிகழ்ந்தன என்பது மட்டும் உண்மை.

பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்து மருந்தியற் பள்ளியில் இடம் வேண்டி நின்றபோது மறுப்பே விடையாய் வந்தது. விடாது முயன்று இடம் பெற்றார். வகுப்பில் வெள்ளை மாணாக்கரினின்று விலகி அமரவேண்டியிருந்தது. 1916-இல் நன்மதிப்புடன் தேறி, மாகாணத் தேர்விலும் வென்றார். அப்பள்ளியிற் பட்டம் பெற்ற முதற் கறுப்பினப் பெண்மணி அவரே. 'முதல்வர்' என்னும் சொல்லை நாம் மிக எளிதாய் எழுதிவிடுகின்றோம். முதலில் நுழைந்தவர்க்குப் பக்கத்து இருக்கை வெறுமையாயிருந்தது என்பதை அதனோடு சேர்த்து எழுதுவாரைக் காணோம்.

அக்காலத்து மருந்தாளர் தொழில் இன்று அட்டைப்பெட்டியை எடுத்து நீட்டும் தொழில் போன்றதன்று. நம்மூர் மருத்துவச் சாலைகளிற் கம்பவுண்டர் என வழங்கப்பட்டாரை நினைவு கூர்க. மருத்துவர் எழுதிய சீட்டைப் படித்து, கல்வத்தில் இட்டு அரைத்து, சிறு தராசில் குன்றிமணி எடையினும் குறைந்த அளவை நிறுத்து, பொடியைச் சமபங்காக்கித் தாளில் மடித்து, குழம்பும் களிம்பும் கூட்டி, உருண்டை உருட்டிக் கொடுத்தல் வேண்டும். கைபிசகின் உயிர்பிசகும். சீட்டில் அளவு மிகையாய் எழுதப்பட்டிருப்பின் அதனைக் கண்டு மருத்துவர்க்கு அறிவிக்கும் கடமையும் மருந்தாளரதே. மருத்துவர்க்குக் கொடுக்கப் பொருளில்லாதார் நேரே வந்து நின்று நோய்க்குறி சொல்லும் இடமும் மருந்துக்கடையே. கறுப்பினத்தார்க்கோ, அடிக்கும் வெயிலில் அக்கடையிற் பலகையிட்டு அமர்ந்து சோடா அருந்துதலும் பல ஊர்களில் மறுக்கப்பட்டிருந்தது. மருந்து வாங்கலாம், உட்காரலாகாது.

பின்னர் யங்ஸ்டவுன் நகர மருத்துவச்சாலையில் மருந்தாளர் தேவை என்னும் விளம்பரங்கண்டு விண்ணப்பித்தார். அதுகாறும் கறுப்பினத்தார் எவரையும் அப்பதவியில் வைத்திராத அச்சாலை அவரை ஏற்றது. 1920-இல் வில்லியம் ஸ்டூவர்ட் என்னும் மருந்தாளரை மறுமணம் புரிந்தார். 1922-இல் கணவனும் மனைவியுமாய் டொலீடோவில் இந்தியானா வீதியில் ஸ்டூவர்ட் மருந்துச்சாலையைத் திறந்தனர். அந்நகரிற் கறுப்பினத்தார் உடைமையாய் அமைந்த முதல் மருந்துக்கடை அதுவே. வெள்ளையரும் கறுப்பரும் ஒருங்கே வந்தனர்.

கடை கீழே, வீடு மேலே. அம்மாடியைப் பற்றிச் சற்று விரித்துரைக்க விழைகின்றோம். புகழ்பெற்றோராயினும் கறுப்பினத்தாரை அந்நாளில் நல்ல விடுதிகள் பல ஏற்பதில்லை. அரங்கிற் பாடக் கேட்டு ஆயிரவர் கைதட்டுவர். பாடினார்க்கு இரவு தலைசாய்க்க இடங்கொடார். அத்தகையோர்க்கு மருந்துக்கடையின் மாடி அறைகள் திறந்திருந்தன. இசைவாணி மரியன் ஆண்டர்சன், கல்விச்செல்வி மேரி மக்லியோட் பெத்யூன், அறிஞர் டூபாய்ஸ் ஆகியோர் அங்குத் தங்கினர். கீழே ஒருவர் பிள்ளையின் சுரத்திற்குப் பொடி வாங்கி நிற்க, மேலே ஓரினத்தின் வருங்காலம் பேசப்பட்டிருக்கும். அம்மையார் பின்னாளிற் பெற்ற பதவிகள் பல. யாமோ இம்மாடிப்படியையே அவற்றினும் உயர்வாய் மதிப்போம்.

1945-இற் கடையை விற்றனர். அதன்பின் 1948 முதல் 1952 வரை, 1896-இல் தோன்றிய கறுப்பின மாதர் தேசீய சங்கத்திற்கு அம்மையார் தலைமை பூண்டார். 1950-களின் இடையில் தம் நாட்டு அரசின் நல்லெண்ணத் தூதராய்ப் பாகிஸ்தான், இந்தியா, பிலிப்பைன்ஸ் முதலிய கீழ்நாடுகளிற் சுற்றுப்பயணம் செய்து, மாதர் கூட்டங்களிற் பேசினார்.

1961-இல் டொலீடோ நகரத்தார் புதிய தொடக்கப் பள்ளி ஒன்றிற்கு அவர் பெயரைச் சூட்டினர். உயிரோடிருக்கையில் தம் பெயர் தாங்கிய பள்ளியைக் காணும் பேறு சிலர்க்கே வாய்க்கும். அம்மையார் அப்பள்ளிக்குச் சென்று சிறாரொடு அளவளாவுவார். ஆறு வயதிற் படிப்பின்பொருட்டுப் பெற்றோரைப் பிரிந்து பாட்டி வீடு சென்ற சிறுமி, அதே பருவத்துப் பிள்ளைகள் நடுவே நரைத்த தலையொடு நின்றார். வர்ஜீனியா வாழ்ந்திருப்பின் அவள் வயிற்றுப் பிள்ளைகளும் அவ்வாண்டுகளிற் பள்ளிப் பருவத்தினராய் இருந்திருத்தல் கூடும்.

1987-ஆம் ஆண்டு, தொண்ணூற்று நான்காம் வயதில், அம்மையார் டொலீடோவிலேயே உயிர் நீத்தார். இந்தியானா வீதியில் அவர் கடை திறந்த நாளிற் கைக்குழந்தைகளாய் இருந்தவர்கள் அப்போது அறுபதைக் கடந்திருந்தனர்.