பேரரசர் பதக்கம் குத்திய கிழங்கு

பாரிஸில் காபியில் கலக்கும் சர்க்கரைக்கும் கரும்புக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இருக்காது. அது பீட்ரூட்டின் பங்காளியான ஒரு வெள்ளைக் கிழங்கில் காய்ச்சியது. நாக்குக்கு வித்தியாசம் தெரியாது. ஐரோப்பாவை இந்தக் கிழங்கின் பக்கம் தள்ளியது ருசியல்ல, போர்.

1747-ல் பெர்லின் வேதியியலாளர் ஆந்திரியாஸ் மார்க்ராஃப், உலர்ந்த கிழங்கை ஆல்கஹாலில் இட்டு வடித்து, படிந்த படிகங்களை நுண்ணோக்கியில் பார்த்தார். கரும்புச் சர்க்கரையேதான்! ஆனால் தேறியது சொற்பம். கரீபியன் தீவுகளில் அடிமைகளை வாட்டி எடுத்த சர்க்கரை கப்பல் கப்பலாக வந்துகொண்டிருந்ததால், கிழங்கை யாரும் சீந்தவில்லை. அவருடைய மாணவர் ஃபிரான்ஸ் ஆஷார் மட்டும் விடவில்லை. இனிப்புக் கூடிய கிழங்குகளாகப் பொறுக்கி வளர்த்தார். பிரஷ்ய மன்னரின் பண உதவியுடன், 1801-ல் சைலீசியாவின் குனெர்ன் என்ற ஊரில் உலகின் முதல் கிழங்குச் சர்க்கரை ஆலையைக் கட்டினார்.

பிரான்சுக்கோ தலைக்கு மேல் வெள்ளம். அதன் சர்க்கரைக் களஞ்சியமான செயின்ட் டொமிங்குவில் 1791-ல் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். 1804-ல் அது ஹெய்ட்டி என்ற சுதந்திர நாடானது. மறு ஆண்டு டிரஃபால்கரில் பிரெஞ்சுக் கடற்படை நொறுங்கியது. 1806-ல் நெப்போலியன் பிரிட்டிஷ் சரக்குகளுக்குத் தடை போட, பிரிட்டன் கடல்வழியை அடைத்தது. சர்க்கரை விலை எகிறியது.

1811 மார்ச்சில் நெப்போலியன் உத்தரவிட்டார்: 32,000 ஹெக்டேரில் கிழங்கு பயிரிட வேண்டும். மறு ஆண்டு ஜனவரி 2 அன்று, பாரிஸை ஒட்டிய பாஸியில் வங்கியாளர் பெஞ்சமின் டெலசேர் நடத்திய ஆலைக்கு நெப்போலியனே வந்தார். வெள்ளைவெளேரென்ற சர்க்கரையைக் கண்டு, தன் மார்பில் இருந்த லீஜியன் ஆஃப் ஹானர் பதக்கத்தைக் கழற்றி டெலசேருக்குக் குத்தினார்.

நெப்போலியன் வீழ்ந்ததும் மலிவான கரும்புச் சர்க்கரை திரும்பியது. ஆலைகள் பல மூடின. ஆனால் கிழங்கு மறைந்துவிடவில்லை. அதன் சக்கை மாட்டுக்குத் தீவனமானது. கோதுமைக்கு ஏற்ற மாற்றுப் பயிராகவும் கிழங்கு உதவியது. 1850-களில் லூயி டி வில்மோரின் இனிப்பு மிகுந்த ரகங்களைத் தேர்ந்தெடுத்தார். 19-ஆம் நூற்றாண்டின் முடிவில் உலகச் சந்தையில் கிழங்குச் சர்க்கரை கரும்பையே முந்தியிருந்தது. இன்றும் உலகச் சர்க்கரையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதனுடையது.

முன்னோடி ஆஷாருக்கு என்ன கிடைத்தது? அவர் ஆலை 1807-ல் தீக்கிரையானது. 1821-ல் வறுமையில் இறந்தார்.

அடுத்த வாரம்: 1810-ல் பிரெஞ்சு அரசு 12,000 பிராங்க் கொடுத்துப் பெற்ற ஒரு மிட்டாய்க்காரரின் ரகசியம்.

(தொடரும்)