ஐயமும் தெளிவும்: கணினிக் கோப்புகளின் வரலாறு உணர்த்தும் பாடம்

கோலாலம்பூரின் வடபுறத்தே, பத்துமலையை அடுத்து விளங்கும் செலாயாங் மருத்துவமனை 1999ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. மலேசியாவில் தாளில்லா மருத்துவமனையாக முதன்முதல் அமைக்கப்பெற்றது அதுவே. நோயாளியின் வரலாறு, மருந்துக் குறிப்பு, ஊடுகதிர்ப் படம் ஆகியன கணினிக்குள் குடிபுகுந்தன. கணினியில் கிடக்கும் பெயரறியாக் கோப்பு நல்லதா, தீயதா என்னும் வினா அதுவரை பொறியியல் வல்லாரின் வினாவாக இருந்தது. இத்தகைய மருத்துவமனைகள் தோன்றிய பின்னர் அது நோயுற்றோரின் உயிரோடு தொடர்புடைய வினாவாயிற்று.

இவ்வினாவின் வரலாறு 1986இல் இலாகூர் நகரில் தொடங்குகிறது எனலாம். பாசித், அம்ஜத் ஃபாரூக் ஆல்வி என்னும் உடன்பிறந்தார் இருவர், தாம் எழுதிய மருத்துவ மென்பொருளைத் திருட்டுத்தனமாகப் படியெடுப்போரைக் கண்டறிய 'பிரெயின்' என்னும் நச்சுநிரலை இயற்றினர். தம் பெயரையும் முகவரியையும் அதனுள் பொறித்து வைத்தனர். நெகிழ்தட்டின் தொடக்கப் பகுதியில் அது உறையும். அப்பகுதியைப் படித்துக் காட்டுமாறு கணினியைப் பணித்தால், தன்னை மறைத்துக்கொண்டு பழைய தூய பகுதியையே எடுத்துக் காட்டும். கள்வனையே சாட்சியாக அழைத்தால் உண்மை வெளிப்படாது என்பதை முதன்முதல் உணர்த்தியது இந்நிரலே.

1998இல் தைவான் மாணவர் ஒருவர் இயற்றிய 'சி.ஐ.எச்.' என்னும் நிரல், கோப்பினுள் வெற்றிடமாக இருந்த இடுக்குகளில் புகுந்துகொண்டது. ஆதலின் கோப்பின் அளவு கூடவில்லை. அளவை மட்டும் நோக்கித் தூய்மையை முடிவு செய்தோர் ஏமாந்தனர். 1999 ஏப்ரல் 26இல் அது விழித்தெழுந்து, உலகெங்கும் கணினிகளின் தரவுகளை அழித்தது.

தீயதை நல்லதென நம்பிய பிழை இஃது. இதற்கு நேர்மாறான பிழை அடுத்துத் தோன்றியது. அந்நாளைய விண்டோஸ் கணினிகளில் 'ஜே.டி.பி.ஜி.எம்.ஜி.ஆர்.' என்னும் அமைப்புக் கோப்பு ஒன்று இருந்தது. அதன் சின்னம் சிறு கரடிப் பொம்மை. "இக்கோப்பு உங்கள் கணினியில் உள்ளதா என்று பாருங்கள், இருப்பின் அது நச்சுநிரல், உடனே அழித்துவிடுங்கள்" என்னும் பொருளில் 2002இல் மின்னஞ்சல் ஒன்று பரவியது. மக்கள் தேடினர், கரடிப் பொம்மை இருந்தது. இருந்ததையே சான்றாகக் கொண்டு அழித்தனர். நண்பர்க்கும் எச்சரிக்கை அனுப்பினர். உண்மையில் அது மைக்ரோசாஃப்ட் நிறுவனமே வைத்த கோப்பு. ஆகவேதான் எங்கும் காணப்பட்டது. 2001இலும் வேறொரு கோப்பைப் பற்றி இவ்வாறே பொய்ச்செய்தி உலவியது. இங்கே நச்சுநிரல் என ஒன்று இல்லை. அச்சமே அதன் வேலையைச் செய்து முடித்தது.

காவலரும் தவறுவர் என்பதை 2010 ஏப்ரல் 21 காட்டியது. மெக்காஃபி நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருள், 'எஸ்.வி.சி.ஹோஸ்ட்' என்னும் இன்றியமையாக் கோப்பை நச்சுநிரலெனப் பிழைபடக் கணித்து அகற்றியது. கணினிகள் ஓயாது அணைந்து எழுந்தன. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்து மருத்துவமனைகள் சில, அவசரப் பிரிவில் கடுங்காயமுற்றோரை மட்டுமே ஏற்க நேர்ந்தது. 2017 மே 12இல் 'வானாக்ரை' நிரல் மைக்ரோசாஃப்ட் பாதுகாப்புச் சேவையின் பெயரைப் புனைந்து கணினிகளில் அமர்ந்தபோது, பிரிட்டிஷ் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பியனுப்பின. ஓரிடத்தில் நல்ல கோப்பு அகற்றப்பட்டது; மற்றோரிடத்தில் தீய கோப்பு புகுந்தது. வாயிலில் நின்ற நோயாளிக்கு இரண்டும் ஒன்றே.

2024 சூலை 19இல் கிரௌட்ஸ்டிரைக் நிறுவனம் பாதுகாப்பின் பொருட்டு அனுப்பிய கோப்பே, ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகளை முடக்கியது. அன்று மலேசியாவில் ஏர் ஏசியா பயணிகளின் பதிவும் தடைப்பட்டது. கணினி ஒவ்வொன்றிலும் அக்கோப்பைத் தேடிக் கையால் அழிப்பதே தீர்வாயிற்று. அழிக்க வேண்டிய கோப்பும் உண்டு, அழிக்கலாகாத கோப்பும் உண்டு. இரண்டையும் பிரித்தறிவிப்பது ஆய்வு ஒன்றே.

அவ்வாய்வு படிப்படியாக நிகழ வேண்டும். முதலாவது, கோப்பு இருக்கும் இடம். எஸ்.வி.சி.ஹோஸ்ட் விண்டோஸின் சிஸ்டம்32 கோப்புறையில் இருப்பது இயல்பு. பதிவிறக்கக் கோப்புறையில் இருப்பின் ஐயத்திற்குரியது. இரண்டாவது, பெயரின் எழுத்து. 'வி', 'சி' என்னும் இரண்டும் இடம் மாறியிருப்பின் அது போலி. மூன்றாவது, வெளியிட்டோரின் மின்கையொப்பம். இதுவும் முடிந்த முடிபன்று. 2010இல் வெளிப்பட்ட 'ஸ்டக்ஸ்நெட்' நிரல் திருடப்பட்ட கையொப்பச் சான்றுகளைத் தாங்கி வந்தது. நான்காவது, 'ஹேஷ்' எனப்படும் கோப்பின் விரல்ரேகை. எஸ்.எச்.ஏ.256 என்னும் கணக்கீட்டு முறை எத்துணைப் பெரிய கோப்பையும் 64 குறிகள் கொண்ட கோவையாக்கும்; கோப்பில் ஓர் எழுத்து மாறினும் கோவை முற்றும் மாறும். வெளியிட்டோர் அறிவித்த கோவையோடு ஒத்திருந்தால் கோப்பு மாற்றப்படவில்லை எனத் துணியலாம்.

2004இல் தோன்றிய 'வைரஸ்டோட்டல்' தளம், ஒரு கோப்பைப் பல பாதுகாப்பு மென்பொருள்கள் கொண்டு ஒருங்கே ஆராய உதவுகிறது. எனினும் அங்கே ஏற்றப்படும் கோப்பு பிறர் பார்வைக்கும் செல்லும். நோயாளி விவரமோ மாணவர் விவரமோ அடங்கிய கோப்பை ஏற்றாது, அதன் விரல்ரேகையை மட்டும் கொடுத்துத் தேடுதலே முறை. ஐயம் தீராவிடின், 1997இல் மலேசியாவில் நிறுவப்பெற்ற 'மைசெர்ட்' அமைப்பின் துணையை நாடலாம்.

தமிழ் பயில்வோர்க்கு இம்முறை புதிதன்று. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தபோது, ஓர் ஏட்டை மட்டும் நம்பவில்லை. பல ஏடுகளை ஒப்பிட்டுப் பாடம் தேர்ந்தார். விளங்காத சொல்லைக் கண்டவுடன் பிழையென்று நீக்கவுமில்லை. திருக்குறளின் 'தெரிந்து தெளிதல்' அதிகாரமும், ஆராயாது நம்புதல், நம்பியபின் ஐயுறுதல் ஆகிய இரண்டையும் நீங்காத் துன்பத்தின் வாயில்களாகவே காட்டுகிறது. வகுப்பறையில் பாடவேறுபாட்டை ஒப்புநோக்கக் கற்பிக்கும் ஆசிரியர், கணினிக் கோப்பையும் அவ்வாறே நோக்கக் கற்பிக்கலாம். பெயர் தெரியவில்லை என்பது குற்றத்திற்குச் சான்றன்று. பெயர் தெரிந்தது என்பது நம்பிக்கைக்குச் சான்றுமன்று.