இழந்த தாடையும் வளர்த்த என்பும்

மலையகத் தமிழரின் கூலியையும் குடியுரிமையையும் பற்றி ஆராய்ந்தோர் பலர். அவர்தம் வாய்நலத்தைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. யட்டியாந்தோட்டை, தெஹியோவிற்றப் பகுதிகளின் இறப்பர்த் தோட்டங்களிலும் இறக்குவானை, பலாங்கொடைத் தேயிலை மலைகளிலும் குடியேறிய தென்னிந்தியத் தொழிலாளர் வெற்றிலையைத் தம்முடன் கொணர்ந்தனர். சிங்கள அயலாரிடமும் அப்பழக்கம் பண்டுதொட்டே இருந்தது. மலையேறும் பெண்ணின் இடுப்பிலுள்ள சுருக்குப்பை பசியை மறக்கவும் உதவிற்று. அட்டைக் கடிக்குச் சுண்ணாம்பும் தந்தது.

அதற்குரிய விலை பின்னரே தெரியவந்தது. சப்பிரகமுவ மாகாணத்தில் முப்பது வயதுக்கு மேற்பட்ட 1029 பேரைப் பரிசோதித்து 2010இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, ஏறத்தாழ 11.3 வீதத்தினர் வாயில் புற்றாக மாறக்கூடிய கோளாறுகள் இருந்தனவெனக் கூறுகின்றது. புற்று முற்றித் தாடையைப் பற்றிவிடின், தாடையென்பின் ஒரு பகுதியையே வெட்டியெடுக்க நேரும். அவ்வாறு இழந்த என்பை மீண்டும் பெறவியலுமா?

இவ்வினாவுக்கான விடையின் வரலாறு தாடையிலன்று, காலில் தொடங்குகின்றது. இத்தாலியின் பொலோஞா நகரத்துக் கொடிவில்லா 1905இல், குட்டையான தொடையென்பை வெட்டி இழுத்து நீட்டிய முறையை வெளியிட்டார். ஆனால் விரைந்து வலிந்து இழுத்தமையாற் கேடுகள் மிகுந்தன. என்பு பொறுமையை வேண்டுவதென்பதைத் தெளிவாகக் கண்டவர் சோவியத் மருத்துவர் இலிசாரோவ் ஆவார். தலைநகரினின்று நெடுந்தொலைவிலுள்ள கூர்கன் பகுதியில் பணியாற்றிய அவர், 1950களின் தொடக்கத்தில் உலோக வளையங்களும் கம்பிகளும் கொண்ட கருவியொன்றை உருவாக்கினார். வெட்டிய என்பின் இரு முனைகளையும் நாளொன்றுக்கு ஒரு மில்லிமீற்றர் வீதம் நான்கு சிறு தவணைகளில் விலக்கினால், இடைவெளியிற் புதிய என்பு முளைக்கும். தசையும் குருதிக்குழாயும் நரம்பும் உடன் நீளும். உயரந்தாண்டும் வீரர் புருமெலின் நொறுங்கிய காலை அவர் 1968இற் சீர்செய்த பின்னரே அவர் பெயர் நாடெங்கும் பரவிற்று. மேலைநாடுகளோ 1980களிலேதான் அவரைக் கண்டுகொண்டன. ஒதுக்குப்புறத்திற் பிறந்த அறிவுக்கு இத்தகைய தாமதம் புதிதன்று.

தாடையில் இம்முறையை 1973இல் சினைடர் குழுவினர் நாய்களிற் பரிசோதித்தனர். நியூயோர்க்கின் மக்கார்த்தி, பிறவியிலேயே தாடை குறுகிய சிறார் நால்வரின் கீழ்த்தாடையை நீட்டிய செய்தியை 1992இல் வெளியிட்டார். 1996இல் சின், தொத் என்போர் பல்தாங்கும் விளிம்பையே உயர்த்தும் முறையை அறிவித்தனர். பல்லிழந்த விளிம்பு ஆண்டுதோறும் தேய்ந்து தாழ்வது இயல்பு. சுவீடனில் பிரோனமார்க் 1965 முதல் மனிதரிற் பயன்படுத்திய தைத்தேனியப் பல்வேர் ஊன்றி நிற்பதற்கோ போதிய உயரமும் தடிப்பும் உடைய என்பு இன்றியமையாதது. ஆகவே விளிம்பின் ஒரு துண்டை வெட்டி, ஏறக்குறைய ஒருவாரம் ஆறவிட்டு, நாள்தோறும் திருகைச் சிறிது சுழற்றி உயர்த்துவர். பின்னர்ப் புதிய என்பு இறுகச் சில மாதங்கள் காத்திருப்பர்.

புற்றினால் தாடையிழந்தோர் நிலை இதனினும் சிக்கலானது. 1989இல் ஹிடால்கோ காட்டிய வழியில், கணைக்காலின் மெல்லிய வெளியென்பைக் குருதிக்குழாயுடன் எடுத்துத் தாடையாக அமைப்பர். அவ்வென்பு தாடையினும் உயரங்குறைந்தது. அதனை மேலும் உயர்த்திய பின்னரே சிலருக்குப் பல்வேர் ஊன்றவியலும். கதிர்சிகிச்சை பெற்ற தாடையிலோ குருதியோட்டம் குன்றுவதால் இம்முறையில் ஆபத்து மிகுதி. புற்றினால் தாடையை இழந்தவருக்கே இக்கலை தயங்கித் தயங்கிக் கைகொடுக்கின்றது.

பொருளும் காலமும் மற்றொரு தடை. நாட்கூலிக்கு உழைப்பவர் ஒருநாள் மலைக்குச் செல்லாவிடின் அந்நாளுக்குரிய 'பேர்' விழாது. மாதக்கணக்கில் திருகையும் தையலையும் காட்டப் பேராதனைக்கோ கொழும்புக்கோ பயணஞ் செய்வதென்பது அவருக்கு எளிதன்று.

இலங்கை அரசு 2016இற் புகையற்ற புகையிலைப் பொருட்களின் விற்பனையைத் தடைசெய்தது. ஆயினும் புகையிலை சேராத பாக்கும் வெற்றிலையும் புற்றுக்குக் காரணமாமென உலக சுகாதார நிறுவனத்தின் புற்றாய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட நூலிற் பதிவுசெய்துள்ளது. வாயினுள்ளே தோன்றும் வெண்படலமும் செம்படலமும் நோவு தருவது அரிது. வாயைத் திறந்து விளக்கொளியிற் பார்ப்பவருக்கே அவை தென்படும். அப்பார்வைக்குத் தோட்டத்து மருந்துச்சாலையில் இரண்டு நிமிடம் போதும்.