எம்சிபி விழல, ஆனா ஸ்விட்ச் போர்டு சுடுது... காட்டிக்கொடுக்கும் தெர்மல் கேமரா!

காலையில கீசர் போட்டுக் குளிச்சு முடிச்சிட்டு ஸ்விட்ச்சை அணைக்கப் போறீங்க. அந்த பிளாஸ்டிக் தகடு லேசா சுடுது. மூக்கைக் கிட்ட கொண்டுபோனா, கருவாட்டு வாடை மாதிரி ஏதோ ஒண்ணு. 'எம்சிபி விழலையே, அப்புறமென்ன?'னு கதவைச் சாத்திட்டு வேலைக்குக் கிளம்பிடுறீங்க. தேனியோ, கம்பமோ, சென்னையோ... எல்லா ஊர்லயும் நம்ம பழக்கம் இதுதான்.

அந்த எம்சிபி ஏன் விழலைங்கிறதுலதான் விஷயமே இருக்கு.

எம்சிபி, அளவுக்கு மீறி கரன்ட் ஓடினால்தான் விழும். ஸ்க்ரூ லூஸாகிப்போன இடத்தில் கரன்ட் கூடுவதில்லை. 3,000 வாட்ஸ் கீசர் எப்போதும் கேட்கிற அதே 13 ஆம்பியர்தான் ஓடுது. ஆனா, லூஸான அந்த ஒரு புள்ளியில் மட்டும் தடை கூடியிருக்கு. வெறும் 0.1 ஓம் கூடினாலே போதும். 13-ஐ 13-ஆல் பெருக்கி 0.1-ஆல் பெருக்குங்க, கிட்டத்தட்ட 17 வாட்ஸ். செல்போன் ரிப்பேர் கடையில் ஈயம் உருக்குகிற சின்ன சால்டரிங் அயர்னே 25 வாட்ஸ்தான். அதுல முக்கால்வாசிக்குக் கொஞ்சம் கம்மியான சூடு, உங்க சுவருக்குள்ள, ஒரு ஸ்க்ரூ அளவு இடத்தில் உட்கார்ந்திருக்கு. நம்ம வீடுகளில் சாதாரணமா போடுற பிவிசி வயரின் உறை 70 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். அதைத் தாண்டி தினமும் சூடானா உறை இறுகி, வெடிச்சு, கருகும். கருகக் கருக இணைப்பு இன்னும் லூஸாகும், சூடு இன்னும் ஏறும்.

2024 செப்டம்பரில் மதுரையில் ஒரு மகளிர் விடுதியில் ஃப்ரிட்ஜ் வெடித்து தீப்பிடித்ததில் ரெண்டு பேர் இறந்தாங்க. அதே வருஷம் டிசம்பர் 12-ம் தேதி திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் தீ; ஆறு பேர் இறந்தாங்க. ரெண்டுமே தேனிக்குப் பக்கத்து மாவட்டங்கள். இப்படி எங்கே தீப்பிடித்தாலும் 'மின்கசிவு' என்ற ஒரே சொல்லில் நாம செய்தியை முடிச்சிடுறோம். கசிவு வேற, ஷார்ட் சர்க்யூட் வேற, லூஸ் கனெக்‌ஷன் சூடாவது வேற. மூணாவதுக்கு மட்டும் ஒரு நல்ல குணம் உண்டு. பெரும்பாலும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் சூட்டைக் காட்டி முன்னாடியே சொல்லிட்டுத்தான் வரும். அந்தச் சூட்டைப் பார்க்கிற கண்தான் தெர்மல் கேமரா.

சூடான எந்தப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களை வெளியே விடும். 1800-ல் வில்லியம் ஹெர்ஷல் இதைக் கண்டுபிடிச்சார். அந்தக் கதிர்களைப் படமாக்குற கேமராவை 1965-லேயே சுவீடனில் உயர் அழுத்த மின்கம்பிகளைச் சோதிக்கக் கொண்டுவந்துட்டாங்க. இன்னைக்கு மொபைல்ல செருகுற சைஸுக்கு வந்திருச்சு. 2014 முதல் இந்த வகை கடைகளில் கிடைக்குது.

இந்தப் பள்ளத்தாக்குக்கு ஏன் இது முக்கியம்?

கூடலூர் தாண்டி குமுளி மலை ஏறுறதுக்கு முன்னாடி, லோயர் கேம்ப்பில் மலைச்சரிவில் இறங்கும் ராட்சதக் குழாய்களைப் பார்த்திருப்பீங்க. பெரியாறு தண்ணீரை வெச்சு அங்கே மின்சாரம் எடுக்கத் தொடங்கினது 1958-ல். வாசலிலேயே மின்சாரம் பிறக்கிற பகுதி. ஆனா, வீட்டு வயரிங்? நாலு குண்டு பல்பு, ரெண்டு ஃபேன், ஒரு ரேடியோவை நம்பி தாத்தா காலத்தில் இழுத்த லைன்ல இன்னைக்கு ஏசி, இண்டக்‌ஷன், வாஷிங் மெஷின் எல்லாத்தையும் மாட்டுறோம். கரன்ட் ரெண்டு மடங்கானா, இணைப்பில் சூடு நாலு மடங்கு. இதை மட்டும் மனசுல வெச்சுக்கிட்டா போதும்.

தொழில் நடக்கிற இடங்களில் நிலைமை இன்னும் சிக்கல். போடி பக்கம் இலவம் பஞ்சு உலகறிஞ்சது. ஒரு பொறி பட்டா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்லை. ஆண்டிபட்டி சக்கம்பட்டி விசைத்தறிக் கூடங்களில் பறக்கிற பஞ்சுத்தூசி, ஸ்விட்ச் போர்டு மேல படிஞ்சு போர்வை மாதிரி சூட்டைப் பிடிச்சு வெச்சுக்கும். திராட்சைத் தோட்டத்து மோட்டார் கொட்டகைக்கு வாங்க. ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தா பல்லி, எறும்புப் புற்று, துருப்பிடிச்ச ஸ்க்ரூ... தெர்மல் கேமராவுக்கு இதைவிட நல்ல பரிசோதனைக்கூடம் கிடையாது. காரணம், அங்கே மூணு ஃபேஸ் இருக்கு. மூணும் ஒரே வேலையைச் செய்யுது, அப்போ மூணும் ஒரே சூட்டில் இருக்கணும். ரெண்டு 41 டிகிரி, ஒண்ணு மட்டும் 63 டிகிரின்னா, அந்த மூணாவது முனையில் கோளாறு. மின் பரிசோதனைக்கான 'நெட்டா' அமைப்பின் அளவுகோல் இப்படித்தான் பார்க்குது. ஒரே மாதிரியான, ஒரே லோடு ஓடுகிற ரெண்டு பாகங்களுக்கு இடையே 1 முதல் 3 டிகிரி வித்தியாசம்னா கவனிச்சுக்கோங்க. 4 முதல் 15 வரைன்னா பழுதுபார்க்கத் திட்டமிடுங்க. 15-க்கு மேலன்னா உடனே வேலையைப் பாருங்க. 'ஒரே லோடு' என்பதை கிளாம்ப் மீட்டர் வெச்சு உறுதிப்படுத்திக்கணும். ஒரு ஃபேஸில் மட்டும் கரன்ட் அதிகமா ஓடினாலும் அது சூடாத்தான் இருக்கும். அங்கே ஸ்க்ரூவை முறுக்கிப் பிரயோஜனமில்லை, லோடைப் பிரிச்சுக் கொடுக்கணும்.

சிவப்பைப் பார்த்து பயந்துடாதீங்க

மொபைல் தெர்மல் கேமரா வாங்குறவங்க முதல் நாளே பதறுறது இங்கேதான். போர்டு முழுக்க நீலம், ஒரு இடம் மட்டும் ரத்தச் சிவப்பு! நிதானமா இருங்க. காட்சியில் எது அதிக சூடோ, அதுக்குத்தான் ஆப் சிவப்பு பூசும். அந்தச் சிவப்பு 34 டிகிரியாக்கூட இருக்கலாம். நிறத்தைப் பார்க்காதீங்க, எண்ணைப் பாருங்க.

பளபளன்னு இருக்கிற செம்பு, அலுமினியம் இன்னொரு ஏமாற்று வேலை. அதெல்லாம் சூடாவே இருந்தாலும் கதிர்களைக் கம்மியாத்தான் விடும்; கண்ணாடி மாதிரி எதிரில் நிற்கிற உங்க உடம்புச் சூட்டைத் திருப்பிக் காட்டும். அதனால விவரமானவங்க வெற்று உலோகத்தை விட்டுட்டு, பக்கத்துல இருக்கிற வயர் உறையையோ கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டின இடத்தையோ குறிபார்ப்பாங்க. டேப் ஒட்டுறதா இருந்தா மெயினை அணைச்சிட்டுத்தான்.

சுவருக்குள்ள ஊடுருவிப் பார்க்கும்னு நினைச்சா அதுவும் தப்பு. கண்ணாடிக் கதவைக்கூட இது தாண்டாது. சுவரின் மேற்பரப்பில் தெரியுற சூட்டைத்தான் காட்டும். எர்த் சரியில்லை, பாத்ரூம்ல ஷாக் அடிக்குது என்பதையெல்லாம் இது சொல்லாது. அதுக்கு ஆர்சிசிபி வேணும், எர்த் டெஸ்ட் வேணும்.

சோதனைக்கு ஆளைக் கூப்பிட்டா நேரத்தை நீங்க முடிவு பண்ணுங்க. மதியம் எல்லாத்தையும் அணைச்சு வெச்சுட்டு படம் எடுத்தா எல்லாமே அழகா நீலமாத்தான் இருக்கும். குறைந்தபட்சம் 40 சதவிகித லோடாவது ஓடணும் என்பது பொதுவான விதி. ராத்திரி ஏசி, கீசர், மோட்டார் ஓடுற நேரமா பார்த்து, அரை மணி நேரமாவது ஓடவிட்டு அப்புறம் எடுக்கச் சொல்லுங்க. மெயின் போர்டின் மூடியைக் கழற்றினாத்தான் உள்ளே தெரியும். கரன்ட் ஓடும்போதே கழற்றணும் என்பதால், அது தகுதிச் சான்று வெச்சிருக்கிற வயர்மேன் வேலை. யூடியூப் பார்த்துட்டு நீங்க இறங்காதீங்க. உங்களால செய்ய முடிஞ்சது, காய்ந்த கையின் பின்புறத்தால் ஸ்விட்ச் தகட்டையும் பிளக்கையும் தொட்டுப் பார்க்கிறது. நிறம் மாறியிருக்கா, வாடை வருதான்னு கவனிக்கிறது.

வெளியே மீட்டர் பெட்டியையோ, மாடியில் சோலார் இணைப்பையோ, தோட்டத்து ஸ்டார்ட்டரையோ சோதிக்கிறதா இருந்தா ஆடி மாசத்தைத் தவிர்த்துடுங்க. கணவாய் வழியா புகுந்து வந்து காற்றாலைகளைச் சுத்துற அந்தக் காத்து, சூடான முனையையும் ஊதி ஆற்றிடும். 60 டிகிரி தெரிய வேண்டிய இடம் 40-தான் காட்டும், நீங்களும் நம்பிடுவீங்க. காத்து அடங்கின ஒரு சாயங்காலம் எடுக்கலாம்.

ரிப்போர்ட் வாங்கும்போது ஒவ்வொரு தெர்மல் படத்துக்கும் பக்கத்துல சாதாரண போட்டோவும், அப்போ ஓடின ஆம்பியரும் இருக்கான்னு பாருங்க. ஸ்க்ரூவை முறுக்கி, கருகின வயரை வெட்டி மாத்தின பிறகு அதே லோடில் இன்னொரு படம் எடுக்கச் சொல்லுங்க. 63 டிகிரி காட்டின முனை, பக்கத்து ரெண்டோட சேர்ந்து 41-க்கு இறங்கியிருக்கணும். இறங்கலைன்னா அந்த எம்சிபி, காண்டாக்டர்னு உள்பாகமே கெட்டிருக்கு, அதையே மாத்தணும்.