கறுத்துப்போன நீர்

முதுகலை படித்த நாள்களில், ராஜஸ்தானி நுண்ணோவியம் ஒன்றைப் பற்றிக் கருத்தரங்கக் கட்டுரை வாசித்தேன். ஓவியத்தின் அடியில் கருமையாக ஓடிய நீரைப் பிரிவுத்துயரின் குறியீடு எனக் கொண்டு இரண்டு பக்கம் விளக்கியிருந்தேன். அவையிலிருந்த அருங்காட்சியகப் பாதுகாப்பாளர் ஒருவர் ஒரே தொடரில் அவ்விரண்டு பக்கத்தையும் தள்ளிவிட்டார்: "அது கறுப்பு வண்ணமன்று, வெள்ளி."

நுண்ணோவியர் பலர் நீரைக் காட்ட வெள்ளித் தூளைப் பிசினில் குழைத்துத் தீட்டினர். காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் பட்டு வெள்ளி நாளடைவில் வெள்ளி சல்ஃபைடாகிக் கறுக்கிறது. நான் துயரமென்று வாசித்தது, தீட்டியவர் கண்ணில் பளபளத்திருக்கிறது. சங்கப் பாடலின் 'நாற்றம்' என்னும் சொல்லுக்கு இன்றைய பொருளை ஏற்றுவது போன்ற பிழை இது. மொழியியல் பயின்ற எனக்கு அது உறைக்காமற் போனதுதான் வெட்கம்.

நீருக்கு ஏன் வெள்ளி? மேவாரின் ஏரிப் பெயர்களிலிருந்து தொடங்கலாம்: உதயசாகர், ராஜ்சமந்த், ஜைசமந்த். 'சமந்த்' என்பது 'சமுத்திரம்' என்பதன் திரிபு. கடலைக் காணாத நிலம் தன் ஏரியைக் கடலென்று அழைத்தது. (நம் ஊர்ப் பெயர்களின் ஈற்றில் நிற்கும் 'சமுத்திர'மும் பெரும்பாலும் ஏரியே.) ராஜ்சமந்த் பதினேழாம் நூற்றாண்டின் பஞ்ச காலத்தில் மகாராணா ராஜசிங் தொடங்கிய பணி, அதன் கரையில் 25 கற்பலகைகளில் அவ்வரச மரபின் புகழ் வடமொழியில் பொறிக்கப்பட்டுள்ளது. அங்கே நீரைத் தேக்குவது அரசாட்சியின் சான்று. இரண்டாம் ஜகத்சிங் பிசோலா ஏரியின் நடுவே எழுப்பிய ஜகநிவாஸ் மாளிகை 1746இல் திறக்கப்பட்டது; அவருடைய அரசவை ஓவியர்கள் அவரை அந்நீர்ச்சூழலிலேயே வைத்து மீண்டும் மீண்டும் தீட்டினர். ஆகவே அந்த நீரை வெறும் பின்னணியாக என்னால் பார்க்க முடியவில்லை.

'இந்திய ஓவியத்தில் கடற்காட்சி இல்லை' என்று வகுப்புகளில் சொல்லப்படுகிறது. தொடுவானமும் முகிலும் பாய்மரமும் கொண்ட டச்சுக் கடலோவியத்தை அளவுகோலாக வைத்தால் அது சரியே. ஆனால் ஜோத்பூரில், மகாராஜா மான்சிங்கின் காலத்தில், புலாகி என்னும் ஓவியர் 1823இல் நாத சரித்திரத்துக்காகத் தீட்டிய ஏட்டைப் பாருங்கள். அகலம் ஒரு மீட்டருக்கும் மேல், மூன்று கட்டங்கள். முதற்கட்டத்தில் உருவமே இல்லை, பொன் மட்டும். இறுதிக் கட்டத்தில் நாத சித்தர் ஒருவரும் அலையலையான நீரும். கரையில்லை, கலமில்லை. பாலைநிலத்து ஓவியர் படைப்பின் தொடக்கத்திலுள்ள கடலை வரைந்திருக்கிறார். அதில் பயன்பட்டது வெள்ளீயக் கலவை என்கிறது அருங்காட்சியகக் குறிப்பு. வெள்ளீயம் வெள்ளியைப்போல எளிதில் கறுப்பதில்லை. எனவே அந்த நீர் இன்றும் மின்னுகிறது.

என் பழைய கட்டுரையை இப்போது திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன். கருநீர் காணும் ஓவியங்களுள் எவற்றில் வெள்ளி கறுத்தது, எவற்றில் ஓவியரே கருஞ்சாம்பல் பூசினார் என்பதை நிழற்படத்தைக் கொண்டு உறுதிசெய்ய இயலாது. நேரில் சென்று, பக்கவாட்டு ஒளியில் தாளைச் சற்றே சாய்த்துப் பார்க்க வேண்டும். அனுமதிக் கடிதத்துக்குக் காத்திருக்கிறேன்.