கயிறு எங்கே?

என்னுடைய முதல் நாவலில் ஒரு கொத்தனாரைக் கொன்றேன். கதாநாயகி விதவையானால்தான் மேற்கொண்டு கதை நகரும். காய்ச்சல் கொடுத்துக் கொல்வதென்றால் வைத்தியர், மருந்து, கண்ணீர் என்று நாலைந்து பக்கமாவது ஆகும். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. மூன்றாம் மாடிச் சாரத்திலிருந்து அவனைத் தள்ளிவிட்டேன். ‘விதி அவன் காலை வாரியது’ என்று ஒரே வரி எழுதிவிட்டு, அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விட்டேன். அந்த வரி அழகாக இருக்கிறது என்று இரண்டு மூன்று நண்பர்கள் பாராட்டவும் செய்தார்கள்.

சில மாதங்கள் கழித்து ஒரு தபால் கார்டு வந்தது. எழுதியவர் ஒரு பெண்மணி. “என் வீட்டுக்காரரும் இப்படித்தான் போனார். நீங்கள் எழுதியிருப்பதெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஒன்றுதான் விளங்கவில்லை. உங்கள் ஆளுக்கு ஏன் கயிறு கட்டவில்லை? கதையில் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லையே?” இவ்வளவுதான் கார்டில் இருந்தது. விலாசமும் இருந்தது. பதில் எழுத எனக்குத்தான் துணிவு வரவில்லை.

அந்தக் கேள்வி என்னை வெகு காலம் துரத்தியது. அதற்கும் ஒரு சரித்திரம் உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது.

ஸ்காட்லாந்தில் ஃபோர்த் என்ற கடற்கழியின்மேல் ஒரு ரயில் பாலம் இருக்கிறது. 1882-ல் தொடங்கி 1890-ல் திறந்தார்கள். உலகம் மூக்கில் விரலை வைத்துப் பார்த்த பாலம். அதைக் கட்டுகையில் 57 பேர் இறந்ததாக நூறு ஆண்டுக் காலம் சொல்லி வந்தார்கள். பின்னால் உள்ளூர்க்காரர்கள் சிலர் பழைய பதிவுகளைப் புரட்டி எண்ணியபோது அது 73 ஆயிற்று. அங்கே பாதுகாப்புக்காகப் பாலத்தின் கீழே படகுகள் நின்றன. தண்ணீரில் விழுந்த எட்டுப் பேரை அப்படிக் காப்பாற்றினார்கள். விழுவதைத் தடுக்கலாம் என்பதைவிட, விழுந்தவனை எடுக்கலாம் என்பதே அந்தக் காலத்து எண்ணம்.

அமெரிக்காவில் பாலம் கட்டுகிறவர்களிடையே ஒரு கணக்கு வழங்கி வந்தது. பத்து லட்சம் டாலர் செலவுக்கு ஓர் உயிர். சிமெண்டு இவ்வளவு, இரும்பு இவ்வளவு என்பதைப் போல, மனிதர் இவ்வளவு! ஸான் பிரான்ஸிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்துக்கு மதிப்பீடு சுமார் மூன்றரைக் கோடி டாலர். அந்தக் கணக்குப்படி 35 பேர் சாகவேண்டும்.

தலைமை எஞ்சினீயர் ஜோசப் ஸ்ட்ராஸ் அந்தக் கணக்கை ஒப்பவில்லை. 1933-ல் வேலை தொடங்கியது. பாலத்தின் தளம் போடும் கட்டம் வந்ததும், அதன் அடியில் நீளமாக ஒரு கயிற்று வலையைக் கட்டினார்கள். பாலத்தின் அகலத்துக்கு மேல் இரண்டு பக்கமும் நீண்டிருக்கும் வலை. செலவு சுமார் 1,30,000 டாலர். அதில் விழுந்து பிழைத்தவர்கள் 19 பேர். அவர்கள் தங்களுக்கு ஒரு சங்கப் பெயரும் வைத்துக்கொண்டார்கள்: ‘நரகத்துக்குப் பாதி வழி போனவர்கள்.’ சாவைத் தொட்டு மீண்டவனுக்குத்தான் அப்படிச் சிரிக்க வரும்.

ஏறத்தாழ நாலு வருஷம் ஒரே ஓர் உயிர்தான் போயிற்று. 1937 பிப்ரவரி 17-ஆம் தேதி, பல டன் கனமுள்ள ஒரு தொங்கு மேடை பிய்ந்து வலையின்மேல் விழுந்தது. மனிதனைத் தாங்கும் வலை மேடையைத் தாங்குமா? கிழிந்தது. பத்துப் பேர் கடலில் மாண்டார்கள். மூன்று மாதம் பொறுத்து, மே மாதம், பாலம் திறக்கப்பட்டது. மொத்தம் இறந்தவர் 11 பேர். கணக்கு பொய்த்துவிட்டது. ஆனால் அந்தப் பதினோரு வீட்டில் அதைச் சொல்லி யாரைத் தேற்ற முடியும்?

எல்லா இடத்திலும் வலை கட்ட முடியாது. ஆகவே ஆளையே கட்டவேண்டும். இங்கேதான் கயிறு வருகிறது. அதோடு ஒரு சங்கடமும் வருகிறது.

1865-ல் ஆல்ப்ஸ் மலையில் மாட்டர்ஹார்ன் சிகரத்தை ஏழு பேர் முதன்முதலாக எட்டினார்கள். ஒருவரோடொருவர் கயிற்றால் பிணைத்துக்கொண்டு இறங்குகையில் ஒருவர் வழுக்கினார். கயிறு அறுந்தது. நாலு பேர் போய்விட்டார்கள். அறுந்த கயிறு இன்றும் அடிவார ஊரின் காட்சிச் சாலையில் இருக்கிறது. அப்படியானால் அறாத கயிறாகச் செய்துவிட்டால் போதுமே என்றுதான் நமக்குத் தோன்றும். போதாது. கயிறு அறாவிட்டால் ஆள் அறுந்துபோவான்.

செங்கல் வீசுவதைப் பார்த்திருக்கிறீர்களா? கீழே இருப்பவர் வீசுகிறார்; மேலே இருப்பவர் ஏந்துகிறார். ஏந்தும் கை கல்லோடு கொஞ்சம் பின்னால் போகும். விறைப்பாக நீட்டிய கையில் கல் விழுந்தால் கை போய்விடும். இதைத்தான் கணிதமும் சொல்கிறது. ஆறடி விழுந்தவனைக் கால் அடிக்குள் நிறுத்தினால், அவன் எடையைப்போல் 25 மடங்கு விசை உடம்பில் இறங்கும். அவனையே மூன்றடி இழுபட விட்டு நிறுத்தினால் மூன்று மடங்குதான். அவ்வளவும் இடுப்பு வாரில் இறங்கினால் குடல் தாங்குமா, முதுகெலும்பு தாங்குமா? இதனால்தான் அமெரிக்காவில் விழுவோரைத் தாங்க இடுப்பு வாரை மட்டும் நம்புவதை 1998 முதல் விலக்கிவிட்டார்கள். தோள், மார்பு, தொடை எல்லாவற்றையும் சுற்றும் வார்க்கச்சை வந்தது, பாராசூட் வீரர் அணிவதைப்போல.

கயிற்றிலும் ஒரு தந்திரம் செய்தார்கள். உறுதியான நாடாவை மடித்து மடித்து, வேண்டுமென்றே ஓர் அளவுக்கு மேல் தாங்காத தையலாகப் போட்டு, ஒரு சின்னப் பைக்குள் வைத்துக் கயிற்றோடு சேர்த்துவிடுகிறார்கள். சாதாரணமாக அது அசையாது. ஆள் விழுந்து வெட்டி இழுத்ததும் தையல் ஒவ்வொன்றாகப் பிரியும். விழுந்த வேகத்தையெல்லாம் பிரிகிற தையல் வாங்கிக்கொள்ளும். ஆள் மூன்றடி, மூன்றரை அடி இழுபட்டு நிற்பான். ஒரு தடவை பிரிந்தது மறுபடி உதவாது, தூக்கி எறியவேண்டும். தையல் பிரிந்தால் தையற்காரனை ஏசுகிற நமக்கு, பிரிவதற்காகவே தைப்பது விசித்திரமாக இருக்கலாம்.

அதற்கும் நிபந்தனைகள் உண்டு. கயிற்றை மாட்டும் இடம் தலைக்கு மேலே, அசையாத இடமாக இருக்கவேண்டும். ஆடுகிற சவுக்குக் கழியில் மாட்டினால் கழியும் கூடவே வரும். கீழேயும் வெளி வேண்டும். ஆறடிக் கயிறு, பிரியும் நாடா, ஆளின் உயரம், கொஞ்சம் எச்சரிக்கை எல்லாம் கூட்டினால் மாட்டிய இடத்திலிருந்து ஏறத்தாழ 18 அடி. தொங்குகிறவனைச் சீக்கிரம் இறக்கவும் வேண்டும். வாரில் அசையாமல் தொங்கினால் கால்களில் ரத்தம் தேங்கி அதுவே ஆபத்தாகும்.

என் கொத்தனார் நின்றது மூன்றாம் மாடி. கீழே முப்பது அடி இருந்தது. போதுமான இடம்தான்.

போன மாசி மாதம் எதிர் வீட்டு அடுக்குமாடிக்குச் சுண்ணாம்பு பூச ஆட்கள் வந்தார்கள். உச்சியில் நின்ற பையனின் வார்க்கச்சை ஜோராக இருந்தது. கொக்கி மட்டும் வாலைப்போல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு வேளையில் இறங்கி வந்தவனைக் கேட்டேன்.

“ஏன் தம்பி, கொக்கியை மாட்டவில்லை?”

“மாட்டினால் நகர முடியாது சார். ஒவ்வொரு தடவையும் கழற்றி மாட்டினால் வேலை எப்போ முடியும்? மேஸ்திரி சத்தம் போடுவார்.”

“இரட்டைக் கொக்கிக் கயிறு உண்டே? ஒன்றை மாட்டிய பிறகு மற்றதைக் கழற்றலாமே?”

“அது விலை ஜாஸ்தி சார்” என்று சிரித்தான்.

பத்து லட்சம் டாலருக்கு ஓர் உயிர் என்ற பழைய கணக்கு, சிறிய ரூபாயில், எங்கள் தெருவுக்கே வந்து நின்றது. கட்டடத் தொழிலாளருக்கென்று நம் நாட்டில் 1996-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. சட்டம் கச்சையை வாங்கித் தரலாம். கொக்கியை மாட்ட அரை நிமிஷம் தரவேண்டியவர் மேஸ்திரி. அந்த மேஸ்திரியை அவசரப்படுத்தாமல் இருக்கவேண்டியவர் காண்டிராக்டர். இருவரையும் விரட்டாமல் இருக்கவேண்டியவர்கள், வீடு எப்போது முடியும் என்று தினமும் கேட்கும் நாம்.

பிறகு அந்த நாவலுக்கு மறு பதிப்பு வந்தது. கொத்தனாரைப் பிழைக்க வைக்க முடியவில்லை. கதை அவன் சாவின்மேல் நிற்கிறது. ஆனால் ‘விதி காலை வாரிய’ வரியை அடித்துவிட்டேன். காண்டிராக்டர் வந்து, “எல்லாம் விதியம்மா” என்கிறார். அவள் அழுகையை நிறுத்தி, நிமிர்ந்து பார்த்து, “கயிறு எங்கே?” என்று கேட்கிறாள். அத்தியாயம் அங்கே முடிகிறது.

ஒரு பிரதியை அந்தத் தபால் கார்டு விலாசத்துக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை. அவருடைய கேள்விக்கு நான் பதில் சொல்லிவிடவில்லையே. அதைக் கேட்க மட்டும்தானே கற்றுக்கொண்டிருக்கிறேன்.